மருந்து ஏறும் நேரம்

1

முசிறியிலிருந்து என் அண்ணன் மகள் ஒரு காணொளி அனுப்பியிருந்தாள். தாடி வைத்த ஒரு தம்பி, டோபமினைக் குறைத்தால் வாழ்க்கை உருப்பட்டுவிடும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் போனைத் தொடாதே, இனிப்பைத் தொடாதே, பச்சைத் தண்ணீரில் குளி. கீழே ஏகப்பட்ட பாராட்டு. "அத்தை, இது உங்க சப்ஜெக்ட்தானே?" என்று கேட்டிருந்தாள்.

அதே வாரம் கோலாலம்பூரில் வேலை பார்க்கும் என் மகள் ஜெனியும் அதையே சொன்னாள். "மா, உங்களுக்கு ஒரு டோபமின் டீடாக்ஸ் வேணும்லா. ரொம்ப ஸ்ட்ரெஸ் ஆகுறீங்க." மூளைக்குள் டோபமின் எப்படிச் சேதி சொல்கிறது என்று படித்துப் பட்டம் வாங்கி, அதை வைத்தே இத்தனை வருஷம் சோறு தின்றவள் நான். என்னிடமே விற்கப் பார்க்கிறார்கள்.

டோபமின் குறைந்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஈப்போவில் எங்கள் வீட்டுக்கு ஒருநாள் வரலாம். டீ கொடுக்கிறேன். கூடத்தில் ஜன்னலோர நாற்காலியில் என் கணவர் சேவியர் உட்கார்ந்திருப்பார். உங்களைப் பார்த்ததில் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும், ஆனால் முகத்தில் தெரியாது. "வாங்க" என்பார், உங்கள் காதில் விழாது. எழுந்து நிற்க நினைப்பார். அவர் நினைப்பதற்கும் எழுவதற்கும் நடுவே நீங்கள் பாதி டீயைக் குடித்திருப்பீர்கள்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது அந்தக் காணொளிக்காக அல்ல. என் விசா புதுப்பிக்கும் மாதம் வந்து போனது. இந்த முறை நடந்ததை யாரிடமாவது கொட்டாவிட்டால் ஆறாது. இங்கே ஒருவரிடம் சொன்னால் பொழுது சாய்வதற்குள் கணவரின் சொந்த ஊர் ஆயர் தாவார் வரைக்கும் போய்விடும். அதனால் கடல் தாண்டி உங்களிடம் சொல்கிறேன்.

2

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது நான் மலேசியாவுக்கு வந்து. இப்போது ஈப்போவில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன், முதலில் பினாங்கில் ஒரு ஆய்வுக்கூடத்தில் எலி மூளையோடு வேலை. முடியைவிட மெல்லிய கரி இழை ஒன்றை மூளைக்குள் இறக்கி, டோபமின் எப்போது சுரக்கிறது, எப்போது நிற்கிறது என்று அளப்போம். விளக்கு எரியும், சற்றுப் பொறுத்து எலிக்குச் சர்க்கரைத் தண்ணீர் கிடைக்கும். முதலில் சர்க்கரைக்குத்தான் டோபமின் எழும்பும். பழகிய பிறகு விளக்குக்கே எழும்பும், சர்க்கரை வரும்போது ஒன்றும் இருக்காது. விளக்கை எரியவிட்டுச் சர்க்கரையைக் கொடுக்காமல் விட்டால், சரியாக அது வந்திருக்க வேண்டிய நொடியில் அந்தச் செல்கள் அடங்கிப்போகும். தாடித் தம்பி சொல்கிற மாதிரி அது இன்பத்தைக் கொடுக்கிற சாமான் இல்லை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்கிற சாமான். அதே டோபமின்தான் மூளையின் இன்னொரு பக்கத்தில் கைகாலை நகர்த்தவும் உத்தரவு கொடுக்கிறது.

அப்படி அளக்கிற கருவியைப் பழுது பார்க்க வருகிறவர்தான் சேவியர். ஆயர் தாவார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அம்மா பால்மரம் வெட்டப் போகும்போது இவரை ஆயாக்கொட்டாயில் விட்டுவிட்டுப் போவார்களாம். தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற கொட்டகைக்கு அப்படிப் பெயர். எங்கள் எலிக்கூண்டுகளைப் பார்த்துவிட்டு முதல் நாளே சொன்னார், "நல்லா பாத்துக்கிறீங்க மிஸ். எங்க ஆயாக்கொட்டாயில இவ்ளோ காத்து கெடையாது." நான் சிரித்தேன். அதோடு என் கதை முடிந்தது.

அவர் வேதக்காரர், நாங்கள் அப்படி இல்லை. முசிறியில் நடந்த கூத்தை எழுத இங்கே இடம் போதாது. என் கல்யாணம் முடிந்த அதே மாதம் அண்ணன் தாலுகா அலுவலகத்துக்குப் போய் ரேஷன் கார்டிலிருந்து என் பெயரை நீக்கிவிட்டு வந்தார். அது முறைதான், கட்டிக்கொடுத்த பெண்ணின் பெயரை எடுப்பார்கள். ஆனால் என் பேரில் அத்தனை சுறுசுறுப்பாக அவர் செய்த காரியம் அது ஒன்றுதான்.

அங்கே எடுத்த பெயரை இங்கே இன்னும் யாரும் சேர்க்கவில்லை. நிரந்தரவாசத்துக்குப் போட்ட மனு பரிசீலனையில் இருக்கிறது. ஜெனி பள்ளிக்கூடம் போய், பட்டம் வாங்கி, வேலைக்கும் போய்விட்டாள். மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. விமான நிலையத்தில் அப்பாவும் மகளும் ஒரு வரிசையில் போய்விடுவார்கள். நான் அயல்நாட்டார் வரிசையில் நின்று, அவர்கள் அந்தப் பக்கம் பெட்டிக்காகக் காத்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் இங்கே இருப்பது ஒரு மலேசியரின் மனைவி என்ற விசாவில். அதைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் கணவர் நேரில் வர வேண்டும். அதிகாரி அவரைப் பார்த்து, இந்த மனைவிக்குத் தொடர்ந்து பொறுப்பேற்கச் சம்மதமா என்று மலாயில் கேட்பார். இவர் "செத்துஜூ" என்பார். சம்மதம் என்று அர்த்தம். கையெழுத்துப் போடுவார். முத்திரை விழும். நான் பக்கத்தில், வாங்கிய சாமானுக்கு ரசீது போடுகிற வரை காத்திருக்கும் பையைப் போல நிற்பேன்.

3

ஒருநாள் ஆயர் தாவாருக்குப் பக்கத்துச் சித்தியவானிலிருந்து திரும்பும்போது காரின் பின்னால் ஒரு கூடை டுரியான் பழம் ஏற்றியிருந்தோம். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. அந்த நாற்றத்தில் எனக்கு மூச்சு முட்டியது. "வாசம் ஒண்ணும் பெருசா இல்லியே, ஏமாத்திட்டானா கடக்காரன்?" என்றார் சேவியர். அவருடைய அக்கா ரோஸ்லின் விழுந்து விழுந்து சிரித்தார். டுரியான் வாசம் தெரியாத மலேசியன் உண்டா என்று கேலி செய்தார். நான் சிரிக்கவில்லை. அதற்கு முந்தைய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் அவருடைய எழுத்து வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போனதை நான் பார்த்திருந்தேன். நடக்கும்போது இடது கை வீசாமல் தொங்குவதையும் பார்த்திருந்தேன். இப்போது வாசம் தெரியாததும் அதோடு சேர்ந்துகொண்டது. டாக்டர் 'பார்க்கின்சன்' என்று சொல்வதற்கு வெகுநாள் முன்பே எனக்குத் தெரியும். நடுமூளையில் கறுப்பாக ஒரு சின்ன இடம் இருக்கிறது. டோபமின் தயாராவது அங்கேதான். அந்தச் செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. நான் எலிகளிடம் வருஷக்கணக்காகத் தேடிய சமாசாரம் என் பக்கத்துத் தலையணையில் படுத்திருந்தது. இதைவிடக் கேவலமான வேடிக்கை உண்டா என்று அன்றைக்கு ஆத்திரமாக வந்தது. இன்றைக்கும் வருகிறது.

மாத்திரை இருக்கிறது. மூளைக்குள் போய் டோபமினாக மாறுகிற மாத்திரை. போட்டு ஏறியதும் மனுஷர் பழைய சேவியராகிவிடுவார். பேசுவார், நடப்பார், கேலிகூடச் செய்வார். இறங்கியதும் மறுபடி மரம். ஒரு சங்கடம், முட்டை, பால், பருப்பு, இறைச்சி என்று புரதச் சத்துள்ள எதைச் சாப்பிட்டாலும் அதுவும் இந்த மாத்திரையும் உடம்புக்குள் நுழைவது ஒரே வாசல் வழியாக. கூட்டமான பஸ்ஸில் படிக்கட்டில் தொங்குகிறவன் போல மாத்திரை வெளியே நின்றுவிடும். அதனால் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று கிடையாது. மாத்திரை நேரம்தான் உண்டு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இதை ரோஸ்லின் அக்காவுக்கு விளங்க வைக்க என்னால் முடிந்ததே இல்லை. சித்தியவானில் ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் காலமெல்லாம் சமைத்துப் போட்டவர். யார் சோர்ந்து உட்கார்ந்தாலும் அவருக்கு அது பசிதான். தம்பி மெலிந்துபோனதற்குக் காரணம் நோய் இல்லை, நான் பட்டினி போடுவதுதான் என்று ஆயர் தாவார் முழுக்க ஒரு பேச்சு.

ஊரிலிருந்து அண்ணன் வேறு பூனைக்காலி விதையில் இதே மருந்து இருக்கிறதாம் என்று குரல் செய்தி அனுப்பினார். அதில் ஓரளவு உண்மை உண்டு. அதைக் கேட்ட ரோஸ்லின் அக்கா, "இந்தக் கொடிதானே எஸ்டேட் முழுக்க கெடக்கு" என்று ஆயர் தாவார் செம்பனைத் தோட்டத்தில், எண்ணெய்ப் பனைக்கு அடியில், தரையை மூடிக் கிடக்கும் கொடியிலிருந்து ஒரு கட்டு அறுத்து வந்துவிட்டார். அது பூனைக்காலி இல்லை, அதற்குச் சொந்தக்காரக் கொடி. மண்ணுக்காகப் போர்த்தி வளர்ப்பது. இந்தியாவிலிருந்து கொண்டுவந்தது, இந்தத் தாழ்வான வெக்கை நிலத்தில் அடர்ந்து படரும், ஆனால் காய்ப்பது அபூர்வம் என்று தோட்ட மேலாளர் ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். இதைப் படித்ததும் உங்களில் சிலருக்கு என்னை வைத்து ஒரு உவமை தோன்றும். தயவுசெய்து எழுதி அனுப்பாதீர்கள். எனக்கு ஜெனி இருக்கிறாள். அவள் தமிழைப் பேசுவாள், படிக்க மாட்டாள். நான் எழுதுகிற இந்தக் குறிப்புகளில் ஒரு வரி அவளுக்குத் தெரியாது. அதற்கு உவமை எதுவும் தேவையில்லை.

4

அந்த நாளுக்கு நான் தேர்வுக்குப் படிக்கிற மாணவியைப் போலத் தயாரானேன். விசா அலுவலகம் எப்போது திறக்கும், நம்பர் எவ்வளவு நேரத்தில் வரும், மாத்திரை எப்போது கொடுத்தால் கவுண்டருக்குப் போகும்போது ஏறியிருக்கும் என்று கணக்குப் போட்டுவைத்திருந்தேன். வேண்டியதெல்லாம் ஒரே ஒரு சொல், ஒரு கையெழுத்து. அது கிடைக்காவிட்டால் என் பாஸ்போர்ட்டில் விசா தேதி முடிந்துவிடும், அவரை விட்டுவிட்டு நான் விமானம் ஏற வேண்டியதுதான். துணைக்கு வருகிறேன் என்று ரோஸ்லின் அக்கா முதல் நாளே ஆயர் தாவாரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கினார். அவரை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாத்திரையைக் கொடுத்து, வெறும் வயிற்றோடு சேவியரை வரிசை நாற்காலியில் உட்காரவைத்தேன். வழக்கம்போல ஒரு தாளுக்கு நகல் குறைந்தது. எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் இரண்டு பேரையும் காணோம். பக்கத்துக் காப்பிக்கடையில் இருந்தார்கள். அவர் முன்னால் சாஸரில் இரண்டு முட்டை ஓடு. கையில் பாலூற்றிய கெட்டி மைலோ.

"முட்டையா குடுத்தீங்க? எத்தனை தடவ சொல்லியிருக்கேன் உங்களுக்கு?" என்று நான் கத்தியதில் கடையே திரும்பிப் பார்த்தது.

"ரெண்டு அரவேக்காடு முட்டலா வசந்தி. வெசமா குடுத்தேன்? வெறும் வயித்துல ஆம்பளய கூட்டிட்டு வந்து ஒக்கார வச்சிருக்க. மயங்கி விழுந்தா யாரு பதில் சொல்றது?"

"இன்னிக்கு ஒரு நாள் என் பேச்சக் கேக்கக் கூடாதா? இவர் வாயத் தொறக்கலன்னா என் விசா போயிடும். தெரியுமா உங்களுக்கு?"

ரோஸ்லின் அக்கா முகம் சுருங்கிப்போனது. ஜெபமாலையைக் கைப்பையிலிருந்து எடுத்து விரலில் சுற்றிக்கொண்டார்.

நம்பர் நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது. அதிகாரி ஒரு நடுத்தர வயது மலாய்ப் பெண். மரியாதையாகவே பேசினார். சேவியரைப் பார்த்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். சேவியர் அவரைப் பார்த்தபடி நின்றார். கை கவுண்டர் மேல் நடுங்கிக்கொண்டிருந்தது. உதடு அசையவில்லை. அதிகாரி மறுபடி கேட்டார். மறுபடி ஒன்றுமில்லை.

நான் குறுக்கே விழுந்தேன். இத்தனை வருஷத்தில் என் மலாய் சந்தைக்கும் வகுப்பறைக்கும் போதும். பதறினால் தமிழில் யோசித்து வார்த்தைக்கு வார்த்தை மாற்றிவிடுவேன். 'மருந்து இன்னும் ஏறவில்லை' என்பதை அப்படியே சொன்னேன். மலாயில் மருந்து அப்படி ஏறாது போலிருக்கிறது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"அவருக்கு என்ன மருந்து கொடுத்தீர்கள்?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். அயல்நாட்டுக்காரி ஒருத்தி, முகத்தில் அசைவே இல்லாத ஒரு மனுஷரைக் கூட்டிவந்து, மருந்து கொடுத்திருக்கிறேன், சீக்கிரம் சம்மதம் சொல்லிவிடுவார் என்கிறாள். நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். நான் டோபமினைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். செல்கள், வாசல், முட்டை. பேசப் பேச எனக்கே அது கட்டுக்கதை போலக் கேட்டது. அதிகாரி என்னைத் தள்ளிப் போய் உட்காரச் சொன்னார். சேவியரிடம் தனியாகக் கேட்க வேண்டும் என்றார்.

தூரத்திலிருந்து அவர் முதுகைத்தான் பார்க்க முடிந்தது. அதிகாரி முன்னால் குனிந்து கேட்கிறார், காத்திருக்கிறார், மறுபடி கேட்கிறார். முதுகு அப்படியே இருந்தது. ரோஸ்லின் அக்கா பக்கத்தில் முணுமுணுவென்று ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நிமிஷம் அவரை எனக்குப் பிடிக்கவில்லை. அந்த முட்டையைப் பிடிக்கவில்லை, இந்த ஊரைப் பிடிக்கவில்லை.

கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். மறுக்கவில்லை. கொஞ்ச நாளைக்கு மட்டும் நீட்டித்துக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் டாக்டர் கடிதத்தோடு அவரையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். "அவர் சொல்லாமல், சொன்னதாக நான் எழுத முடியாது, புவான்" என்றார் அதிகாரி. புவான் என்றால் இங்கே மரியாதையாக 'அம்மா' என்பது. அதில் தப்பு எதுவும் இல்லை.

வெளியே வந்து ஜெனிக்குப் போன் செய்தேன். "அப்போ அப்பா சொல்லலன்னா நீங்க இல்லீகலா மா?" என்று கேட்டாள். பிறகு, "நான் ஸ்பான்சர் பண்ண முடியுமான்னு கூகிள் பண்றேன். இப்ப மீட்டிங் இருக்கு, ஓகே?" என்றாள். அவள் கெட்ட பிள்ளை இல்லை. சாயந்தரம் ஏதோ ஒரு இணைப்பையும் அனுப்பினாள்.

5

வீட்டுக்குத் திரும்பும் வழியில், தம்புனில் பொமலோ, அதுதான் நம்மூர் பம்பளிமாஸ், வாங்க வேண்டும் என்று ரோஸ்லின் அக்கா காரை நிறுத்தச் சொன்னார். நான் திட்டியதற்குப் பிறகு அவர் வாய் திறந்து பேசியது அதுதான். அவர் இறங்கிக் கடை வரிசைப் பக்கம் போனார். மழை தூற ஆரம்பித்தது. சுண்ணாம்பு மலைகள் பாதி மறைந்துவிட்டன. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, முட்டையில் ஆரம்பித்து அவர் பிறந்த தோட்டம் வரைக்கும் எல்லாவற்றையும் வைதுகொண்டிருந்தேன்.

"அக்காவ ஏசாத" என்றார் சேவியர். குரல் தெளிவாக இருந்தது.

"இப்ப வருதா பேச்சு? அங்க வரல."

"அங்கயும் வந்துச்சு."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"மருந்து ஏறிடுச்சு வசந்தி. அந்தம்மா ரெண்டாவது தடவ கேக்கும்போதே ஏறிடுச்சு. நாக்கு பெரண்டுச்சு. நான்தான் சொல்லல."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தேன்.

"ஏன்?"

"நான் செத்துஜூன்னா நீ இங்கதான் இருக்கணும். எனக்கு மாத்திர நேரம் பாத்துக்கிட்டு, வாய் தொடச்சிக்கிட்டு. இன்னும் போகப் போக என்னா ஆகும்னு என்னவிட ஒனக்குத்தான் தெரியும். நீதான படிச்சவ. சொல்லலன்னா நீ ஊருக்குப் போலாம்லா. யாரும் ஒன்னயக் குத்தம் சொல்ல முடியாது. வெரட்டிட்டாங்கன்னு சொல்லிக்கலாம்."

"என்னை எங்க போகச் சொல்றீங்க? எந்த ஊருக்கு? ரேஷன் கார்டுல கூட பேரு இல்லாத ஊருக்கா?"

"தெரியல. ஆனா ஒன்னய யாருமே கேக்கல. நானும் கேட்டதில்ல. வருசா வருசம் ஆபீஸ்ல என்னயக் கேப்பாங்க, நான் சரிம்பேன், நீ இருப்ப."

எனக்குக் கோபம் வந்தது. என்னைக் கேட்காமல் என்னைப் போகச் சொல்ல இவர் யார்? என் வாழ்க்கையைப் பற்றி ஒரு முடிவெடுத்து, பழியை நோய் மேல் போட்டு, அதிகாரிக்கு முன்னால் ஊமை வேஷம் போடுகிற அளவுக்கு இவருக்கு என்ன பெருந்தன்மை? இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். இன்னும் மோசமாகவும் சொன்னேன். அவர் முகம் அப்படியே இருந்தது. எதிரே இருப்பவர் முகத்தில் எதுவும் ஏறவில்லை என்றால் சண்டை எவ்வளவு கஷ்டம் தெரியுமா உங்களுக்கு?

ரோஸ்லின் அக்கா நனைந்துகொண்டே இரண்டு பை பொமலோவோடு வந்தார். ஒரு பையை என் மடியில் வைத்தார். "ஒனக்குதான். இனிப்பா பாத்து எடுத்தேன்" என்றார். முட்டைக்கு நான் அவரை அத்தனை பேர் முன்னால் அவமானப்படுத்தியிருந்தேன். முட்டைக்கும் நடந்ததற்கும் சம்பந்தமே இல்லை. அதைச் சொன்னால் அவர் தம்பி செய்ததையும் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. வீடு வரும்வரை பொமலோ வாசம் காரில் நிறைந்திருந்தது.

6

அந்த மாதம் முழுக்க நான் சேவியரிடம் சரியாகப் பேசவில்லை. மாத்திரை கொடுப்பேன், சட்டைப் பித்தான் போட்டுவிடுவேன், கல்லூரிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பேன். டோபமின் எந்த ஏற்பியில் போய் ஒட்டினால் 'போ' என்று அர்த்தம், எதில் ஒட்டினால் 'நில்' என்கிற பிடி தளரும் என்று பலகையில் படம் போடுவேன். பிள்ளைகள் போனில் படம் எடுத்துக்கொள்வார்கள். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு மனுஷர் வாயை மூடிக்கொண்டு நின்றபோது அதைச் செல்கள் செய்த வேலை என்றுதான் நான் நினைத்தேன். அவராகச் செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நோய் வந்த பிறகு அவர் செய்த எதையுமே அவர் செய்ததாக நான் எடுத்துக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அது எனக்குக் கசந்தது.

ஆனால் என் கோபத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது. உங்களிடம் மறைக்கவில்லை. இத்தனை வருஷமும் அந்தக் கவுண்டரில் முத்திரை விழும் சத்தம் கேட்கும்போது எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்ததில்லை. உள்ளே ஏதோ ஒன்று அடங்கிப்போகும். சர்க்கரை வராத எலி மாதிரி. அப்படியானால் நான் எதை எதிர்பார்த்து அங்கே நின்றேன்? மறுத்துவிட்டார்கள், நான் என்ன செய்ய முடியும் என்று சொல்லிக்கொண்டு விமானம் ஏறுவதையா? அவர் எனக்காகச் செய்ய நினைத்தது அதைத்தானே? என் மூளைக்குள் கரி இழை எதையும் இறக்காமலே அந்த மனுஷர் அதைத் தெரிந்துவைத்திருந்தார். நான் ஆத்திரப்பட்டது அவர் தப்பாக நினைத்துவிட்டார் என்பதற்காக இல்லை.

போனால் எங்கே போவது என்றும் யோசித்துப் பார்த்தேன். அப்பா அம்மா இல்லை. வீட்டை அண்ணன் இடித்துக் கட்டிவிட்டார். மாடியில் ஒரு அறை எனக்கு என்று வாயால் சொல்வார். போன முறை போனபோது அதில் நெல் மூட்டை இருந்தது. முசிறி பேருந்து நிலையத்தில் டீக்கடைக்காரர் என் பேச்சைக் கேட்டு, "சிலோனாம்மா?" என்றார். இங்கே காய்கறிக்கடை அக்கா இன்னமும் "நீங்க இந்தியாக்காரங்கதானே" என்று கேட்டுவிட்டுத்தான் விலை சொல்கிறார். இரண்டு இடத்திலும் எனக்குப் பதில் தெரியும், ஆனால் சொல்லச் சலிப்பாக இருக்கிறது.

7

மறுமுறை போனபோது ரோஸ்லின் அக்காவைக் கூப்பிடவில்லை. மாத்திரையை நேரத்தோடு கொடுத்தேன். சேவியர் தானாக நடந்து வந்தார். டாக்டர் கடிதத்தை அதே அதிகாரிதான் வாங்கினார். நிதானமாகப் படித்தார். இந்த முறை என்னைத் தள்ளிப் போகச் சொல்லவில்லை.

சேவியரைப் பார்த்துக் கேட்டார், மனைவிக்குத் தொடர்ந்து பொறுப்பேற்கச் சம்மதமா என்று.

அவர் கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவர் வாயையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடு என்று நினைத்தேனா, சொல்லாதே என்று நினைத்தேனா, சத்தியமாக எனக்குத் தெரியாது.

"எனக்குச் சம்மதம்" என்றார் மலாயில். மெல்லிய குரல்தான், ஆனால் கேட்டது. அதிகாரி பேனாவை எடுத்தார். அதற்குள் சேவியர், "தாஞா டியா" என்றார். அவளையும் கேளுங்கள் என்று அர்த்தம்.

அதிகாரிக்கு அது வழக்கமில்லை. பேனாவைப் பிடித்தபடி அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தத் தாளில் மனைவியைக் கேட்பதற்கு என்று ஒரு கட்டம் கிடையாது. இருந்தும் கேட்டார்.

"புவான், நீங்கள் இங்கே இருக்க விரும்புகிறீர்களா?"

எனக்கு ஒரு நோயும் இல்லை. என் நடுமூளையில் செல்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. இருந்தும் வாய் திறக்கவில்லை. பின்னால் அடுத்த நம்பரை அழைக்கும் மணி அடித்தது. யாரோ குழந்தையை அதட்டினார்கள். அதிகாரி பொறுமையாக இருந்தார். சேவியர் என் பக்கம் திரும்பவில்லை, நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் போகிறேன் என்று சொல்வதற்கு அவர் எனக்கு இடம் விட்டுக்கொண்டிருந்தார். அதைச் சொல்லவிடாமல் என்னைப் பிடித்து நிறுத்தியது அன்புதான் என்று எழுத ஆசை. பழக்கமாக இருக்கலாம். போக இடமில்லாததாலும் இருக்கலாம். அந்த நேரத்தில் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"விரும்புகிறேன்" என்றேன்.

முத்திரை விழுந்தது. ஒரு வருஷத்துக்கு. சேவியர் கையெழுத்துப் போட்டார். எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தாலும் அவருடைய கையெழுத்துத்தான். அதிகாரி அதை ஏற்றுக்கொண்டார்.

நான் சொன்னதும் சேவியர் முகத்தைத்தான் முதலில் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. நோய் அப்படி. அவருக்குச் சந்தோஷமா, இல்லை, கதவைத் திறந்துவிட்டும் இவள் போகவில்லையே என்று வருத்தமா, எனக்குத் தெரியவில்லை. கேட்டால் சொல்வார். மருந்து ஏறியிருக்கும் நேரம் தினமும் வந்துபோகிறது. நான் இன்னும் கேட்கவில்லை.